டெக்சாஸ் சில்லி: இறைச்சியோடும் இறைச்சியின்றியும்

[திரையில்: கனமான இரும்புப் பாத்திரத்தில் மெதுவாகக் கொதிக்கும் கருஞ்சிவப்புக் குழம்பு]

வணக்கம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1977-ஆம் ஆண்டு தன் அதிகாரபூர்வ உணவாக அறிவித்த சில்லி என்னும் வற்றல் மிளகாய்க் குழம்பை வீட்டில் எப்படிச் செய்வது என்பதையும், இறைச்சி உண்ணாதவர்கள் அதே குழம்பை எவற்றைக் கொண்டு செய்யலாம் என்பதையும் இந்தக் காணொளியில் பார்க்கலாம். இந்தக் குழம்பில் முதலிடம் வற்றல் மிளகாய் விழுதுக்குத்தான். இறைச்சி அதற்கு அடுத்தபடிதான். விழுது சரியாக அமையாவிட்டால், எவ்வளவு நல்ல கறியைப் போட்டாலும் சில்லி ஆகாது.

[திரையில்: சான் அன்டோனியோ நகரச் சதுக்கத்தின் பழைய ஒளிப்படம்]

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சான் அன்டோனியோ நகரின் சதுக்கங்களில் மாலை வேளைகளில் மேசை போட்டு, விளக்கொளியில் இந்தக் குழம்பை விற்ற மெக்சிகோ வழிவந்த பெண்களைச் ‘சில்லி ராணிகள்’ என்று அழைத்தார்கள். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் சான் அன்டோனியோவின் பெயரால் ஒரு சில்லிக் கடை போடப்பட்டது. அதே பத்தாண்டில், டெக்சாஸில் குடியேறிய ஜெர்மானியரான வில்லியம் கெப்ஹார்ட் மிளகாய்ப் பொடியைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். ராணிகளின் கடைகளையோ 1930-களில் சுகாதார விதிகள் ஒடுக்கிவிட்டன.

அமெரிக்கச் செய்முறைகளில் வரும் ‘சில்லி பவுடர்’ நம் வீட்டு மிளகாய்த்தூள் அன்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அது காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், ஓரிகானோ, பூண்டு ஆகியவற்றைக் கலந்த பொடி. அதில் நான்கு மேசைக்கரண்டி போடச் சொன்னார்களே என்று நம் தூளை அதே அளவில் கொட்டினால், ஒருவரும் வாயில் வைக்க முடியாது.

[திரையில்: காம்பு நீக்கிய வற்றல், விதைகள், வெதுப்பும் கல்]

ஒரு கிலோ இறைச்சிக்கு அறுபது கிராம் வற்றல் போதுமானது. ஆஞ்சோ, குவாஹியோ ஆகிய இரு மெக்சிகோ வகைகளும் பாதிப் பாதி கிடைத்தால் மிகவும் நல்லது. கிடைக்காத இடத்தில் காஷ்மீரி மிளகாயோ பியாட்கி மிளகாயோ நிறத்துக்குக் குறை வைக்காது. ஆஞ்சோவுக்கே உரிய, உலர்திராட்சையை ஒத்த இனிப்பு மட்டும் வராது. காம்பையும் விதையையும் நீக்கும்போது உள்ளே ஓடும் வெளிர் நரம்புகளையும் சுரண்டி எடுங்கள். காரத்தைத் தரும் கேப்சைசின் பெரும்பாலும் அந்த நரம்பில்தான் இருக்கிறது. பின்னர் சூடான கல்லில் ஒவ்வொரு பக்கமும் சில விநாடிகள் மட்டும் வாட்டி, மணம் எழுந்து தோல் சற்றே உப்பியதும் எடுத்துவிட வேண்டும். கருகிய வற்றலின் கசப்பை எதனாலும் மாற்ற இயலாது. அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக வாட்டுவதே சிக்கனம். வாட்டியதை அரைமணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, ஐந்து பல் பூண்டு, இரண்டு தேக்கரண்டி வறுத்த சீரகம், ஒரு தேக்கரண்டி ஓரிகானோ சேர்த்து மையாக அரையுங்கள். ஊறிய நீரைச் சுவைத்துப் பார்த்து, கசக்காவிட்டால் மட்டுமே அரைக்கச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: பாத்திரத்தில் சிவக்கும் இறைச்சித் துண்டுகள்]

மாட்டின் தோள்பட்டைப் பகுதியில் கொழுப்பும் சவ்வும் இருப்பதால், நீண்ட நேரம் வேகும்போது அந்தச் சவ்வு இளகிக் குழம்புக்குத் திடம் தருகிறது. ஆட்டிறைச்சியிலும் இதையே செய்யலாம். துண்டுகளை ஈரம் போகத் துடைத்து, இடைவெளி விட்டுப் பரப்பி, பகுதி பகுதியாகச் சிவக்க வறுக்க வேண்டும். நெருக்கி அடுக்கினால் அவை நீர் விட்டு வெந்துபோகுமே தவிரச் சிவக்கா. பிறகு நறுக்கிய வெங்காயத்தை வதக்கி, விழுதைச் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை கிளறி, இறைச்சியும் மூன்று குவளை நீரும் உப்பும் சேர்த்து, சிறுதீயில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் வேகவிடுங்கள்.

பயறு போடலாமா என்பது டெக்சாஸில் தீராத வழக்கு. டெர்லிங்குவா என்னும் சிற்றூரில் 1967-இல் நடந்த சில்லிப் போட்டி சமநிலையில் முடிந்தது. அந்த மரபில் வந்த போட்டிகளில் இன்றும் பயற்றுக்கு இடமில்லை. வீட்டில் அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் ராஜ்மா போடுவதாக இருந்தால், இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அரைமணி நேரமாவது தளதளவெனக் கொதிக்கவிடுவது கட்டாயம். அரைவேக்காட்டு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்னும் புரதம் கடும் வாந்தியை உண்டாக்கும்; ஸ்லோ குக்கரின் குறைந்த சூட்டில் அது அழியாது. புளிப்பு, பயறு மென்மையாவதைத் தாமதப்படுத்தும் என்பதால், தக்காளி சேர்ப்பவர்கள் பயறு முழுதாக வெந்த பிறகே சேர்க்க வேண்டும்.

[திரையில்: மீல் மேக்கர், காளான், முழு மைசூர்ப் பருப்பு]

சைவச் சில்லியில் இறைச்சியின் உருவத்தை மட்டும் ஈடு செய்தால் போதாது. வறுபட்ட சுவை, காரத்தையும் நிறத்தையும் ஏந்தும் கொழுப்பு, மெல்லும் பதம், குழம்பின் திடம் ஆகிய நான்கையும் இறைச்சி தந்துகொண்டிருந்தது. முதலாவதற்குக் காளானைப் பொடியாக நறுக்கி, நீரெல்லாம் வற்றிப் பழுப்பாகும்வரை வதக்குங்கள். இறுதியில் ஒரு கரண்டி சோயா சாஸ் சேர்த்தால் சுவை இன்னும் ஆழமாகும். எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம், நான்கு மேசைக்கரண்டி தேவைப்படும். பதத்துக்கு மீல் மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நீர் மாற்றி, உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து ஒட்டப் பிழிந்து, கொரகொரப்பாக உதிர்த்து, மொறுமொறுப்பு ஏறும்வரை வறுக்க வேண்டும். பிழியாமல் போட்டால் சோயா வாடை குழம்பு முழுவதும் பரவும். திடத்துக்குத் தோல் நீக்காத மைசூர்ப் பருப்பு ஒரு கைப்பிடி போதும். பலாப்பிஞ்சு நாரைத் தருமே தவிர, புரதம் மிகக் குறைவு. பயற்றோடு சேர்த்தால்தான் அது உணவாகும். சைவச் சில்லி முக்கால் மணி நேரத்தில் தயாராகிவிடும்.

[திரையில்: மாவுக் கரைசலை ஊற்றுதல்]

இருவகைக்கும் கடைசிப் பத்து நிமிடத்தில், சுண்ணாம்பு நீரில் வெந்த மக்காச்சோளத்தை அரைத்துச் செய்யும் மாசா மாவை இரண்டு மேசைக்கரண்டி கரைத்து ஊற்றினால், குழம்பு கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்கும் பதத்துக்கு வரும். மீந்ததை அகன்ற பாத்திரங்களில் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். பருப்பு சேர்ந்த சைவச் சில்லி மறுநாள் கெட்டியாக இறுகிவிடும் என்பதால், அரைக் குவளை வெந்நீர் விட்டுச் சூடாக்கி, உப்பை மீண்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.