ஓட்டுப் போடாவிட்டால் யாருக்கு வலிக்கும்?

(திரையில்: ஆளே இல்லாத வாக்குச்சாவடி. மேசையில் மை பாட்டில்.)

2024 ஏப்ரல் 19. நாகாலாந்தின் கிழக்குப் பகுதியில் ஆறு மாவட்டங்கள். 738 வாக்குச்சாவடிகளைத் திறந்து வைத்துவிட்டு அலுவலர்கள் ஒன்பது மணி நேரம் காத்திருந்தார்கள். வாக்காளர்கள் சுமார் 4 லட்சம் பேர். ஏறக்குறைய ஒருவர்கூட வரவில்லை. அந்தப் பகுதியின் 20 எம்.எல்.ஏ.க்களும் வரவில்லை. தனி மாநிலம் கேட்டுப் போராடிவந்த கிழக்கு நாகாலாந்து மக்கள் அமைப்பு அன்றைக்கு முழு அடைப்பு அறிவித்திருந்தது.

சரி, அந்தத் தேர்தல் செல்லுமா? செல்லும். இத்தனை சதவீதம் பேர் வந்தால்தான் தேர்தல் செல்லும் என்று நம் சட்டத்தில் எந்த வரம்பும் கிடையாது. மாநிலத்துக்கு இருக்கும் ஒரே மக்களவைத் தொகுதியில் எம்.பி. தேர்வானார். வராத 4 லட்சம் பேருக்கும் அவர்தான் எம்.பி.

ஆனால் ஒன்று நடந்தது. உங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று கேட்டு, மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி அந்த அமைப்புக்கு நோட்டீஸ் அனுப்பினார். மக்கள் தாங்களாகவே எடுத்த முடிவு இது என்று பதில் போனது.

அதே தேர்தலில் நாடு முழுக்க 30 கோடிப் பேருக்கு மேல் ஓட்டுப் போடவில்லை. அவர்களுக்கு யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை. இந்த வீடியோவில் நான் பேச வருவது இந்த வித்தியாசத்தைத்தான்.

(திரையில்: வாக்காளர் பட்டியலின் ஒரு பக்கம். சில பெயர்களுக்கு எதிரே டிக்.)

‘எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள், நான் யாருக்கும் போடமாட்டேன்’ என்று வீட்டில் இருக்கிறார் ஒருவர். அவர் கோபம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் மாலையில் பட்டியலைப் பார்த்தால், அவர் பெயருக்கு எதிரே வெற்றிடம்தான். வெளியூரில் கட்டட வேலை செய்துகொண்டு, ஊருக்கு வர பஸ் காசு இல்லாமல் நின்றுவிட்டவர் பெயருக்கு எதிரேயும் அதே வெற்றிடம். தூங்கிப்போனவருக்கும் அதே. போன வருடம் இறந்துபோய், பெயர் இன்னும் நீக்கப்படாதவருக்கும் அதேதான். இந்த நான்கு பேரில் யார் போராளி என்று அந்தத் தாள் சொல்லாது.

அந்த வெற்றிடத்தை உட்கார்ந்து படிக்கிற ஆள் ஒருவர் உண்டு: பூத் ஏஜென்ட். வராதவர் எப்படியும் தன் கட்சிக்குப் போட்டிருக்கமாட்டார் என்று தெரிந்தால், அவருக்கு நிம்மதி. ஜெயிக்கத் தேவையான ஓட்டில் ஒன்று குறைந்தது, அவ்வளவுதான்.

போகவும் வேண்டும், மறுக்கவும் வேண்டும் என்றால்? அதற்கு 49ஓ என்று ஒரு விதி இருந்தது. ‘ஓ போடு’ என்று எழுத்தாளர் ஞாநி பிரசாரமே செய்தார். நடைமுறையில் அது எப்படி என்றால், பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு, ‘நான் வாக்களிக்க விரும்பவில்லை’ என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதிகாரி உங்கள் பெயருக்கு எதிரே அதைக் குறிப்பார். அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்து. பக்கத்திலேயே எல்லாக் கட்சி ஏஜென்டுகளும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். சின்ன ஊரில் இதைச் செய்வதற்கு நல்ல நெஞ்சுரம் வேண்டும்.

2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மறுப்பவருக்கும் ரகசியம் உண்டு என்றது. அப்புறம் நோட்டா பொத்தான் வந்தது. 2024ல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் மனுவை வாபஸ் வாங்கிவிட, அங்கே நோட்டாவுக்கு 2,18,674 வாக்குகள் விழுந்தன. பா.ஜ.க. வேட்பாளர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்தார். நோட்டாவே முதலிடம் பிடித்திருந்தாலும், அடுத்து வந்த வேட்பாளர்தான் எம்.பி. பல் இல்லாத பொத்தான்தான். ஆனாலும் அதை எண்ணுகிறார்கள், அறிவிக்கிறார்கள், நாமும் இன்றைக்கு அந்த எண்ணைச் சொல்கிறோம்.

இனி கிராமங்களுக்கு வருவோம். ரோடு இல்லை, தண்ணீர் இல்லை என்று ஊரே தேர்தல் புறக்கணிப்பு அறிவிக்கும். வீடுகளில் கருப்புக் கொடி, ஊர் எல்லையில் பேனர். உடனே தாசில்தார் ஜீப் வரும், பேச்சுவார்த்தை நடக்கும். ஐந்து வருடமாக மனுவைப் பிரித்துக்கூடப் பார்க்காத அலுவலகம் அன்றைக்கு வீடு தேடி வருவது ஏன்? ‘அந்தச் சாவடியில் பூஜ்யம்’ என்று மேலே அறிக்கை போவதை எந்த அதிகாரியும் விரும்பமாட்டார். ஆக, புறக்கணிப்பின் பலமெல்லாம் வாக்குப்பதிவு முடியும் வரைதான். முடிந்துவிட்டால் பேரம் பேசக் கையில் ஒன்றும் இருக்காது. எழுதி வாங்காமல் வாய்வார்த்தையை நம்பி ஓட்டுப் போட்ட ஊர், அடுத்த தேர்தலிலும் அதே பேனரைத் தூக்கும்.

(திரையில்: புத்தகம் போலத் தடித்த வாக்குச்சீட்டு.)

வீட்டில் இருக்காமல், நேர் எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. 1996 சட்டமன்றத் தேர்தல், ஈரோடு பக்கத்தில் மொடக்குறிச்சி. தங்கள் கோரிக்கைகளை அரசு கண்டுகொள்ளவில்லை என்று விவசாயிகள் கும்பல் கும்பலாக வேட்புமனுத் தாக்கல் செய்தார்கள். களத்தில் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்கவேண்டி வந்தது. 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை, அதாவது அவர்களே தங்களுக்குப் போட்டுக்கொள்ளவில்லை!

அவர்களும் ஜெயிக்கவில்லைதான். ஆனால் அதே வருடம் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டமன்றத் தேர்தலுக்கான டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. சுயேச்சையாக நிற்க, பத்துப் பேர் முன்மொழியவேண்டும் என்றும் வந்தது.