சவரத் தண்ணி குடிச்ச டாக்டர்

எல்லாருக்கும் வணக்கம், பின்னாடி கேக்குதா? சரி, இன்னைக்கு நான் பேசப்போறது ஸ்காட்லாந்து எடின்பரோல இருந்த டாக்டர் ராபர்ட் கிறிஸ்டிசன் பத்தி, 1797ல பொறந்தவர், 24 வயசுலயே சட்ட மருத்துவத்துக்குப் புரொபசர், அப்புறம் 1832லேர்ந்து 45 வருஷம் மருந்தியல் பாடம் எடுத்தார்.

1855ல நடந்தது இது. ஆப்பிரிக்காவுல கலபார்னு ஒரு ஊர், அங்க யார் மேலயாவது சந்தேகம்னா ஒரு கொட்டையை அரைச்சுக் கலக்கிக் குடிக்க வைப்பாங்க, வாந்தி எடுத்தா நிரபராதி, செத்தா குத்தவாளி, அப்பீல் எல்லாம் கிடையாது. நம்மூர்ல சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்றாங்களே, அதோட பயங்கரமான அண்ணன்னு வச்சுக்கோங்க. அந்தக் கொட்டை மிஷனரிங்க மூலமா எடின்பரோ வந்துச்சு, இவர் என்ன பண்ணார்னா ராத்திரி துளியூண்டு தின்னு பார்த்தார், பெருசா ஒண்ணும் ஆகல, காலையில அதவிட ஜாஸ்தியா தின்னுட்டார். கொஞ்ச நேரத்துல தலை சுத்துது, கை கால் துவளுது, பக்கத்துல இப்பதான் சவரம் பண்ண சோப்புத் தண்ணி இருந்துச்சு, எடுத்து மடக்குனு குடிச்சு வாந்தி எடுத்துட்டார். கலபார் சட்டப்படி நிரபராதி! உடம்பு அசையல, ஆனா புத்தி தெளிவா இருந்துச்சுன்னு அதையும் குறிச்சு வச்சார் பாருங்க, அங்கதான் மனுஷன் நிக்கிறார்.

கோர்ட்டுலயும் இதே ஆளுதான். 1828, பர்க், ஹேர் கேஸ், ரெண்டு பேரும் சேர்ந்து 16 பேரைக் கொன்னு பிணத்தை உடற்கூறு கத்துக்குடுக்குற டாக்டருக்கு வித்தவங்க. கடைசியா செத்த பொம்பளையோட உடம்பை மடக்கி ஒரு தேயிலைப் பெட்டிக்குள்ள அமுக்கியிருந்தாங்க, அதுல இருக்குற ரத்தக்கட்டும் முதுகெலும்புக் காயமும் உசிரோட இருக்கும்போது பட்டதா, செத்தப்புறம் பெட்டிக்குள்ள திணிச்சதுல வந்ததான்னு கேள்வி. கிறிஸ்டிசன் வேற பிணத்தைக் கம்பால அடிச்சுப் பார்த்தார். ஆமா, அடிச்சுத்தான். பார்த்தா முதுகுக் காயம் செத்தப்புறமும் வரலாம்னு தெரிஞ்சுது, அரசுத் தரப்புக்கு அது கசப்பான செய்தி, ஆனாலும் கூண்டுல ஏறி "வன்முறையால செத்திருக்க வாய்ப்பு அதிகம்"ங்கற அளவுக்குத்தான் சொன்னார், அதுக்கு மேல ஒரு வார்த்தை கூட்டல. மருத்துவச் சாட்சியம் மட்டும் பத்தாதுன்னு ஹேரை அப்ரூவரா மாத்தித்தான் கேஸ் நடந்துச்சு, பர்க்கைத் தூக்குல போட்டாங்க, ஹேர் வெளிய போயிட்டான். எனக்கு இன்னும் இது உறுத்தும், ஆனா ஹேர் தப்பிக்கக் கூடாதுன்னு டாக்டர் தெரியாததைத் தெரியும்னு சொல்லியிருக்கணுமா?

கொட்டை கதை அதோட நிக்கல, அவர்கிட்ட படிச்ச தாமஸ் ஃப்ரேசர் அதைக் கண்ணுல போட்டா கண்ணோட பாப்பா சுருங்குதுன்னு கண்டுபிடிச்சார், அப்புறம் கிளாக்கோமாங்கற கண் அழுத்த நோய்க்கே மருந்தாச்சு. கிழவர் கிறிஸ்டிசன் மட்டும் மாறல, 78 வயசுல பென் வோர்லிக் மலை மேல ஏறி கோகெய்ன் எடுக்குற கோகா இலையை மென்னுட்டு, இறங்கும்போது களைப்பு தெரியுதான்னு பார்த்துக்கிட்டிருந்தார்.