கும்மாயமும் ரசமும்: கேடய எரிமலையின் கதை
(காரைக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களே, ஆச்சிமார்களே, பின்வரிசைப் பிள்ளைகளே, வணக்கம்.

எரிமலை வரையச் சொன்னால் இந்தப் பிள்ளைகள் கூம்பு போட்டு உச்சியில் நெருப்பு வைப்பார்கள். ஹவாயின் மௌனா லோவா அப்படி இருக்காது. குன்றக்குடிப் படியேறினால் முழங்காலே சொல்லிவிடும், இது மலை என்று. மௌனா லோவாவின் கீழ்ச்சரிவோ ஐந்தாறு டிகிரிதான். படுக்கப் போட்ட கேடயம் மாதிரி. 'கேடய எரிமலை' என்ற பெயரும் அதனால்தான்.

ஏன் இப்படி? கும்மாயம் கிளறிய ஆச்சிகளுக்கு விடை தெரியும். கெட்டிப்பட்டதும் குமிழி 'தொப்'பென்று வெடித்துக் கையில் தெறிக்கும். ரசம் கொதித்தால் ஆவி அதுபாட்டுக்குப் போகும். பாறைக்குழம்பும் அப்படித்தான். மணலில் இருக்கிற சிலிக்கா அதில் கூடினால் கெட்டி. வாயு அடைபட்டு, அழுத்தம் ஏறி, வெடிக்கும். 1883இல் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தது அந்த வகை. ஹவாயில் வருவது பசால்ட் குழம்பு. அதன் எடையில் சிலிக்கா ஏறக்குறைய பாதிதான், சூடு 1,100 டிகிரி செல்சியசுக்கு மேல். அதனால் ரசம் மாதிரி இளகி இருக்கும். வாயு சுலபமாகப் பிரிந்துவிடும். குழம்பு ஓடிப் பரவி உறையும். அதன்மேல் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. இப்படி லட்சக்கணக்கான ஆண்டுகள்.

ஓடும் குழம்பின் மேற்பரப்பு சீக்கிரம் உறைந்து கூரையாகிவிடும். உள்ளே குழாய்க்குள் போவதுபோல் குழம்பு ஓடும். நம் வீட்டுச் சுவர் வெயிலை வெளியே நிறுத்துகிறது. அந்தக் கூரை சூட்டை உள்ளே நிறுத்துகிறது. அதனால்தான் அது ஆறாமல் வெகுதூரம் போகிறது, மலையும் அகலமாகிறது.

சாதுவாகத் தெரிவதால் சின்னது என்று நினைக்காதீர்கள். மௌனா லோவா கடல் மட்டத்துக்கு மேல் 4,169 மீட்டர். கடலடித் தரையிலிருந்து அளந்தால் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல். எவரெஸ்ட் அதற்குக் குறைவு! தன் பாரத்தால் கடல்தரையையே அமுக்கி வைத்திருக்கிறது. செவ்வாய்க் கிரகத்தின் ஒலிம்பஸ் மான்ஸ் எரிமலையும் இதே சாதிதான், உயரம் 20 கிலோமீட்டருக்கு மேல். அங்கே நிலத்தட்டு, அதாவது மேலோட்டுப் பாறை, நகராததால் குழம்பு ஒரே இடத்தில் குவிந்தது. ஹவாயில் அடியிலிருந்து குழம்பு வரும் இடத்துக்கு மேல் தட்டு நகர்ந்துகொண்டே இருப்பதால் தீவுகள் வரிசையாகப் பிறந்தன.

சரி, ஆபத்தில்லையா என்றால், இருக்கிறது. 2018இல் பக்கத்து எரிமலை கிலாவேயாவின் குழம்பு 700க்கும் மேற்பட்ட வீடுகளை விழுங்கியது. குழம்பு வருவதைப் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் நடந்தே தப்பிக்கலாம். வீட்டை என்ன செய்வது? வீட்டின் அருமை தெரிந்த ஊர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.