துடுப்பும் தூண்டிலும்: பல நாள் ஆற்றுப் பயணத்துக்குக் கிளம்பும் முன்

[திரை: விரித்த ஆற்று வரைபடம். ஒரு பென்சில் முனை ஓட்டத்தோடு மெல்ல நகர்கிறது.]

வணக்கம். படகில் துடுப்பு போட்டுக்கொண்டு நான்கு நாள் ஆற்றோடு போக வேண்டும், வழியெல்லாம் மீன் பிடிக்க வேண்டும், இரவில் கரையில் கூடாரம் அடித்துத் தங்க வேண்டும். இதற்கு எப்படித் தயாராவது என்று பார்ப்போம். என்னென்ன வாங்க வேண்டும் என்பது அப்புறம். முதலில் தூரக் கணக்கு.

சாமான் ஏற்றிய கேனோ, அதாவது துடுப்பால் செலுத்தும் நீளமான திறந்த படகு, ஓட்டம் இல்லாத தண்ணீரில் மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர் போகும். ஆறு கொஞ்சம் தள்ளிவிட்டால் 6 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் துடுப்பு போட்டால் 25, 30 கிலோமீட்டர் வரை தாளில் வரும். உடனே, "நாலு நாள், 100 கிலோமீட்டர், சரியா இருக்கு" என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கில் தூண்டில் எங்கே? நல்ல மடு ஒன்று கண்ணில் பட்டால் ஒரு மணி நேரம் அங்கேயே போய்விடும். விடிகாலையிலும் அந்தி நேரத்திலும்தான் பல மீன்கள் நன்றாக இரை எடுக்கும். கூடாரத்தைப் பிரிப்பதும் அடிப்பதும் அதே நேரத்தில்தான். எதிர்க்காற்று ஒரு மதியம் முழுக்க வீசினால் பாதி தூரம்கூட நகராது. அதனால் மீன் பிடிக்கவும் போகிறீர்கள் என்றால், தூரத்தைப் பாதியாக வெட்டுங்கள். நாளுக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் போதும்.

சோம்பேறித்தனமாகத் தோன்றலாம். ஆனால் "இன்னும் இவ்வளவு தூரம் பாக்கி" என்ற அவசரம்தான் ஆற்றில் ஆளைக் கெடுக்கிறது. இருட்டப் போகும் நேரத்தில் தெரியாத பாறைப் பகுதிக்குள் படகை விடச் சொல்வதும் அதுதான். படகைத் தூக்கிக்கொண்டு கரையோரம் நடக்க வேண்டிய இடத்தில், "பரவாயில்லை, போயிடலாம்" என்று சொல்ல வைப்பதும் அதுதான்.

[திரை: வரைபடம் நெருக்கத்தில். வளைவுகளிலும் ஓடை சேரும் இடங்களிலும் சிறு வட்டங்கள்.]

தூரம் குறைந்தால் தங்குமிடத்தையும் நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம். வளைவின் வெளிப்பக்கம் ஆழமாக இருக்கும். கிளை ஓடை வந்து சேரும் இடத்தில் மீனுக்கு இரை வரும். வேகமான தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசிப் போகும் கோட்டில் மீன் மெதுவான பக்கம் நின்று, ஓட்டம் கொண்டுவருவதை எடுத்துக்கொள்ளும். முதல் இரண்டையும் வரைபடத்திலேயே குறித்துவிடலாம். அவற்றுக்குப் பக்கத்தில் தங்கினால், காலையும் மாலையும் நடந்துபோய்த் தூண்டில் போடலாம்.

ஆனால் கரை உயரமா என்று பாருங்கள். கிளைகளில் சருகும் குப்பையும் சிக்கியிருக்கிறதா? முன்பு தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது. கூடாரம் அதற்கு மேலே இருக்க வேண்டும். தூங்கப் போகும்முன் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். நடு இரவில் எழுந்தால் டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம். படகைத் தண்ணீரிலிருந்து நன்றாக மேலே இழுத்து மரத்தில் கட்டுங்கள், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும். மழை மேல்பகுதியில் பெய்திருக்கலாம்.

[திரை: நீர்மட்ட அளவுகோல். கலங்கிய தண்ணீரில் மரக்கிளை மிதந்து போகிறது.]

ஓட்டத்தின் அளவு விநாடிக்கு இத்தனை கனஅடி அல்லது கனமீட்டர் என்று தரப்படும். ஒரு கனமீட்டர் சுமார் 35 கனஅடி. பல ஆறுகளுக்கு இதை இணையத்திலேயே பார்க்கலாம். ஒரு நாள் எண்ணைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பாருங்கள்: ஏறுகிறதா, இறங்குகிறதா? ஏறும் ஆறு கலங்கும், மரம் மட்டையை இழுத்து வரும், மீன் பிடிப்பதும் கடினம். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மேலே அணை இருந்தால் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று விசாரியுங்கள்.

பாறைகளுக்கு நடுவே நுரைத்து ஓடும் பகுதிகளின் கடினத்தை 1 முதல் 6 வரை வகுத்திருக்கிறார்கள். சுமை ஏற்றிய படகு சட்டென்று திரும்பாது. உதவியும் தொலைவில் இருக்கும். அதனால் பட்டியலில் 2 என்று இருந்தால் மனதில் 3 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயங்களை வரைபடத்தில் சிவப்பால் குறித்தே ஆக வேண்டும். ஒன்று, தாழ்வான தடுப்பணை. மேலிருந்து வரும்போது ஆற்றின் குறுக்கே ஒரு நேர்கோடு மாதிரிதான் தெரியும். விழுந்த தண்ணீர் கீழே அணையை நோக்கியே திரும்பிச் சுருண்டு, படகையும் ஆளையும் வெளியே விடாமல் உருட்டிக்கொண்டே இருக்கும். லைஃப் ஜாக்கெட் போட்டவர்களும் தப்பாத இடம் இது. வெகு முன்னாலேயே கரையேறிப் படகைத் தூக்கிக்கொண்டு நடங்கள். இன்னொன்று, ஓட்டத்துக்குள் சாய்ந்த மரம். கிளைகள் வழியே தண்ணீர் போய்விடும், ஆள் போக முடியாது. இது வரைபடத்தில் இருக்காது, நேற்று விழுந்திருக்கும். எனவே மரம் விழக்கூடிய குறுகலான வளைவுகளைக் குறியுங்கள். அங்கே உள்பக்கக் கரையை ஒட்டிப் போங்கள்.

படகு கவிழ்ந்தால்? வேகமான தண்ணீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் கால் மாட்டினால், முழங்கால் அளவுத் தண்ணீரே ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். மல்லாந்து படுத்து, பாதங்களை ஓட்டத்தின் திசையில் மேலே வைத்து மிதந்து போங்கள். குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் வராது. சுமார் பத்து நிமிடத்தில் கை சொன்னபடி கேட்காது. நீந்தத் தெரிந்தவருக்கும் இதுதான் கதி. லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், படகில் அல்ல.

[திரை: மடித்து மூடும் நீர்புகாப் பை. இரண்டு கைகள் மட்டும் தெரிகின்றன.]

சரி, சாமான்களுக்கு வருவோம். நீர்புகாப் பையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். முழங்காலால் அமுக்கிக் காற்றை வெளியேற்றி, வாயின் இரண்டு விளிம்பையும் சுருக்கம் இல்லாமல் சேர்த்து, குறைந்தது மூன்று முறை சுருட்டிக் கொக்கி போடுங்கள். சுருட்டலுக்கு நடுவே சட்டை நுனி சிக்கினால், தண்ணீர் உள்ளே வர அதுவே வழி. இரவு உடைக்கும் தூக்கப்பைக்கும் தனிப் பை. பகலில் அதைத் திறக்கவே கூடாது. பருத்தி உடை வேண்டாம், நனைந்தால் காயாது. கனமான பைகள் அடியில், நடுவில். எல்லாவற்றையும் படகோடு கட்டுங்கள், ஆனால் கயிறு தொங்கக் கூடாது, காலில் சுற்றும். ஆளுக்கொரு விசில், ஒரு உபரித் துடுப்பு, 15 முதல் 20 மீட்டர் மீட்புக் கயிறு ஆகியவை சட்டென்று கைக்கு எட்ட வேண்டும்.

கூடாரம், அடுப்பு பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. உங்களுக்குப் பழகியது எதுவோ அதுவே நல்லது. குடிநீர் மட்டும் கவனம். தெளிந்த ஆற்று நீரையும் அப்படியே குடிக்காதீர்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். கையடக்க வடிகட்டிகளில் பெரும்பாலானவை பாக்டீரியாவைத் தடுக்கும், வைரஸைத் தடுக்காது. சாப்பாட்டுக் கணக்கில் பிடிக்கப் போகும் மீனைச் சேர்க்காதீர்கள். மொத்த நாளுக்கும் உணவு, மேலே ஒரு நாளுக்கு உபரி.

[திரை: குறடு, தூண்டில் முள். மிக நெருக்கத்தில்.]

தூண்டில் கழியில் மூன்று, நான்கு துண்டாகக் கழற்றுவதாக ஒன்று, உபரியாக இன்னொன்று. வேகமான ஓட்டத்துக்குள் போகும்முன் முள்ளைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக் கழியைக் கட்டிவிடுங்கள். முள்ளின் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கம் பார்க்கும் ஒரு சின்னச் செதில் இருக்கிறதே, அதைக் குறடால் நசுக்கித் தட்டையாக்குங்கள். தூண்டில் நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் மீன் அவ்வளவு எளிதாகத் தப்பாது. விட நினைக்கும் மீனை அதிகம் காயப்படுத்தாமல் விடலாம். உங்கள் விரலில் ஏறினாலும் வந்த வழியே வந்துவிடும். கண்ணருகே, மூட்டில் ஏறிய முள்ளை மட்டும் தொடாதீர்கள். அசையாமல் ஒட்டிக் கட்டி மருத்துவரிடம் போங்கள்.

ஓடும் ஆற்றில் நங்கூரம் எனக்குப் பிடிக்காது. பக்கவாட்டில் கட்டிவிட்டால் ஓட்டம் படகின் விலாவில் மோதிக் கவிழ்த்துவிடும். கரையில் இறங்கி நின்று பிடிப்பது நிம்மதி. மீன்பிடி உரிமம், எத்தனை எடுக்கலாம், எந்த மாதம் தடை என்பதைப் பகுதி பகுதியாகப் பாருங்கள்; ஒரே ஆற்றில் மேலே ஒரு விதி, கீழே ஒரு விதி இருக்கும்.

[திரை: ஒரு தாளில் கையால் எழுதிய நான்கு வரிகள்.]

கடைசியாக, கரையில் இருக்கும் ஒருவரிடம் ஒரு தாளைக் கொடுங்கள். எங்கே இறங்குகிறோம், எந்த இரவு எங்கே தங்குகிறோம், எத்தனை பேர், படகு என்ன நிறம், எங்கே கரையேறுகிறோம். அதற்குக் கீழே ஒரு நேரம்: "ஞாயிறு இரவு 8 மணிக்குள் போன் வராவிட்டால் மீட்புப் படைக்குச் சொல்லுங்கள்." உங்கள் மதிப்பீட்டை விடச் சில மணி நேரம் தள்ளியே அதை வையுங்கள், கடைசி மடுவில் மீன் கடிக்க ஆரம்பித்தாலும் பதறாமல் இருக்கலாம். கரையேறும் இடத்தில் முன்பே கொண்டுபோய் நிறுத்திய வண்டியின் சாவி, கிளம்பும் இடத்தில் நிற்கும் வண்டியில் கிடக்காமல் உங்கள் பைக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படகைத் தள்ளுங்கள்.