மந்திரவாதிப் பையனும் சுடலைமாடனும்

(பாளையங்கோட்டையில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது. திரும்பத் திரும்ப வந்த வரிகளை மட்டும் நீக்கியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். கூட்டம் தொடங்கும் முன்பே முன்வரிசை அண்ணாச்சி ஒரு கேள்வியைப் போட்டுவிட்டார். "மந்திரவாதி கதை பேசணும்னா அமெரிக்காவிலயிருந்துதான் ஆளைக் கூட்டிட்டு வரணுமா? நம்ம பக்கத்துல இல்லாத மந்திரவாதியா?"

நியாயமான கேள்விதான். மை போட்டுப் பார்க்கிறவர், ஏவல் எடுக்கிறவர், தகடு எழுதிக் கொடுக்கிறவர் என்று நம் பக்கத்தில் பேர்போன ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அண்ணாச்சி, நம் கதைகளில் அவர்கள் நாயகர்கள் இல்லையே. ஆவிதான் நாயகன், மந்திரவாதி தோற்கிறவன். இன்றைக்குப் பேசப்போகும் நாவலில் மந்திரவாதிப் பையன் நாயகன், அவனைத் துரத்தும் கெட்ட ஆவி எதிரி. அப்படி நினைத்துக்கொண்டுதான் நாமும் முக்கால்வாசிப் புத்தகத்தைப் படிக்கிறோம்.

நாவல், உர்சுலா லெ குவின் எழுதி 1968இல் வெளிவந்த 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ'. அதற்குள் போகும் முன் நம் பக்கத்துக் காவல் தெய்வம் சுடலைமாடனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவோம். இந்த மண்ணில் நின்றுகொண்டு அவரை விட்டுவிட்டு ஆவியைப் பற்றிப் பேசினால் சரிப்படாது.

கொடை என்று நாம் சொல்லும் கோயில் திருவிழா நாளில் நடுச்சாமம் தாண்டினால் கணியான் கூத்து சூடுபிடிக்கும். மகுடம் என்ற பறை இரண்டும் முழங்கும், பெண்வேடம் கட்டிய இருவர் ஆடுவார்கள், தலைமைப் பாடகரான அண்ணாவி கதையை நடத்திக்கொண்டு போவார். பார்வதி விளக்குச் சுடரிலிருந்து ஏந்திய பிள்ளை, சுடுகாட்டுப் பிணத்தைத் தின்றதால் கைலாசத்திலிருந்து இறக்கிவிடப்பட்ட பிள்ளை என்று பிறப்பிலிருந்து தொடங்கும் கதை, மலையாள தேசத்துக்கு வந்ததும் துண்டை விரித்துப் படுத்திருந்தவர்கள்கூட எழுந்து உட்காருவார்கள். அங்கேதான் காளிப்புலையன் வருகிறான். பெரிய மந்திரவாதி. பகவதி கோயில் புதையலுக்குச் சுடலை காவல் இருக்கும்போதே, மை போட்டு இடம் பார்த்துப் புதையலை எடுத்துவிடுகிறான். காவல்காரருக்குக் கோபம் வருகிறது. அப்புறம் நடப்பது அண்ணாவிக்கு அண்ணாவி நீளும், சுருங்கும். மந்திரவாதி தன் வித்தையையெல்லாம் போட்டுப் பார்த்துத் தோற்று, கடைசியில் சூலியான சொந்த மகளைப் பலிகொடுக்கிறான். பலியை வாங்கிக்கொண்டு சுடலை நம் பக்கம் வருகிறார். இன்றைக்கும் சீவலப்பேரியில் ஆற்றங்கரையில் அவர் கோயில் இருக்கிறது.

இந்தக் கதையைக் கேட்கும்போது நாம் யார் பக்கம்? கொடூரமான பலி நடக்கிறது, ஆனாலும் கூட்டம் சுடலை பக்கம்தான். நம் கதைகளில் மந்திரம் பெரும்பாலும் புதையலுக்கும் கூலிக்கும் வேலைசெய்கிறது. ஆவிக்கோ ஒரு வழக்கு இருக்கிறது. அநியாயமாகச் செத்தவர்கள் தெய்வமான கதைகள் நம்மிடம் எத்தனை! பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்களே, அந்த முத்துப்பட்டன் யார்? பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் குலத்து அக்கா தங்கை இருவரைக் கட்டிக்கொண்டு, அவர்கள் தொழிலையும் ஏற்று, மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவன். நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்திருக்கிறார், தேடிப் படியுங்கள்.

எல்லாக் கதையையும் ஒரே தட்டில் வைத்துப் பாராட்டவும் முடியாது. முத்துப்பட்டன் கதை சாதியைத் தூக்கிப்போட்டவன் பக்கம் நிற்கிறது. சுடலை கதையோ, கெட்ட மந்திரவாதி என்றதும் அவன் பேரிலேயே ஒடுக்கப்பட்ட ஒரு சாதியை ஒட்டவைத்துவிடுகிறது. பாடுகிறவர்களும் கேட்கிறவர்களும் இதைப் பேசித்தான் ஆகவேண்டும். ஆனால் ஒன்று. இந்தக் கதைகள் எதிலும் ஆவியை யாரும் அழிப்பதில்லை. பூடம் என்ற பீடம் கட்டி, வெள்ளையடித்து, வருஷத்துக்கு ஒரு கொடை கொடுத்து, ஊர்க் காவலுக்கு வைத்துக்கொள்கிறோம்.

சரி, எர்த்சீக்கு வருவோம். அது தீவுகளால் ஆன உலகம். கோன்ட் என்ற மலைத்தீவில் வெண்கலக் கொல்லர் ஒருவரின் மகன், ஆடு மேய்க்கிற தாயில்லாப் பிள்ளை. தாயின் சகோதரி ஊர் மந்திரக்காரி. அவள் ஆட்டைக் கூப்பிடச் சொல்லும் வார்த்தைகளைக் காதில் வாங்கிவைத்துக்கொண்டு, அர்த்தம் தெரியாமல் இவனும் சொல்லிப் பார்க்கிறான். ஆடுகள் வந்துவிடுகின்றன. வந்தவை போகமாட்டேன் என்கின்றன. நாலு பக்கமும் நெருக்கி, மஞ்சள் கண்ணால் பார்த்துக்கொண்டு, அவனோடேயே ஊருக்குள் வருகின்றன. கூப்பிடத் தெரிகிறது, திருப்பி அனுப்பத் தெரியவில்லை. நாவல் முழுவதும் இந்த முதல் காட்சியில் அடங்கியிருக்கிறது என்பேன்.

பதின்மூன்று வயதில் ஓகியன் என்ற குரு அவனுக்கு 'கெட்' என்று மெய்ப்பெயர் சூட்டிக் கூட்டிப்போகிறார். அந்த உலகத்தில் மெய்ப்பெயரை அறிந்தவன் கையில் உயிரே இருக்கிறது, அதனால் யாரும் அதை வெளியே சொல்வதில்லை. ஓகியன் அதிகம் பேசாதவர். மழையைத் தள்ளிவிடத் தெரிந்தும் நனைந்துகொண்டு நடக்கிறவர். பயிற்சி எப்போது தொடங்கும் என்று பையன் கேட்கிறான். தொடங்கி நாளாயிற்று என்கிறார். பையனுக்குப் பொறுமை இல்லை. ரோக் தீவின் மந்திரப் பள்ளிக்குப் போகிறான். படிப்பில் சூரன், வாயில் திமிர். ஜாஸ்பர் என்ற சீமான் வீட்டுப் பையன் சீண்ட, செத்துப்போன ஒரு பழங்கால அழகியின் ஆவியையே அழைக்கிறேன் பார் என்று ராத்திரியில் குன்றின் மேல் ஏறுகிறான். அழைத்தும்விடுகிறான். ஆனால் அவள் வந்த கிழிசல் வழியாக இன்னொன்றும் வருகிறது. கறுத்த நிழல். அவன் முகத்தைப் பிறாண்டிவிட்டு ஓடுகிறது. கிழிசலை மூடத் தன் பலத்தையெல்லாம் கொடுத்த தலைமை மந்திரவாதி நெம்மெர்லே அந்த இரவோடு போய்ச்சேருகிறார். இவன் முகத்தில் தழும்பு நிரந்தரமாகிறது.

மிச்சக் கதை துரத்தலும் ஓட்டமும்தான். நான் அதை முழுக்கச் சொல்லப்போவதில்லை. நமக்கு வேண்டியது, அந்த நிழலுக்குப் பேர் இல்லை என்பது. பேர் தெரியாததைக் கட்ட முடியாது. இதைக் கேட்டதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பேயோட்டுகிறவர் உடுக்கை அடித்து முதலில் கேட்பதே "நீ யாரு, எந்த ஊரு?" என்றுதான். பேர் வரும்வரை வேப்பங்குலை ஓயாது. அடி வாங்குகிறது பேயா, பொம்பளையா என்பது தனிக் கூட்டம் போட்டுப் பேச வேண்டிய விஷயம். பேர் வந்ததும் என்ன வேணும் என்று கேட்டு, உச்சிமுடியை எடுத்துப் புளியமரத்தில் ஆணி அறைந்துவிட்டு வருவார்கள்.

கெட்டுக்கு அந்தப் பேர் ஒருமுறை விலைக்கு வருகிறது. பென்டோர் தீவின் கிழட்டு டிராகன், நிழலின் பேரைச் சொல்கிறேன் என்று பேரம் பேசுகிறது. அவன் அப்போது ஒரு சின்னத் தீவுக்கூட்டத்து மீனவர்களுக்குக் காவலாக இருக்கிறான். டிராகனின் மெய்ப்பெயரை ஊகித்துவைத்திருக்கிறான், அந்தப் பிடி ஒருமுறைக்குத்தான் உதவும். அதைத் தனக்காகச் செலவழித்தால் அவன் தப்பிக்கலாம். இனி மனிதர் வாழும் தீவுகளுக்கு வரமாட்டோம் என்று டிராகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு படகைத் திருப்புகிறான். முகத்தில் தழும்போடு ஓடிக்கொண்டிருந்தவன் முதல்முறையாகப் பெரியவனாகும் இடம் இது. போர்க்காட்சி என்று பார்த்தால் சில பக்கங்கள்தான். ஆயிரம் பக்கத்துக்குப் படை நடத்தும் காவியங்களில் இந்த அளவு கனமான முடிவு எடுக்கும் நாயகனை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்புறம் வடக்கே ஆஸ்கில் தீவில் நிழல் ஒரு மனிதனுக்குள் புகுந்துகொண்டு, இவன் மெய்ப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. ஆடிப்போகிறான். நம்பிக்கையான சிலருக்கு மட்டுமே தெரிந்த பேர் இதற்கு எப்படித் தெரியும்? பருந்தாக மாறித் தப்பிப் பறந்து ஓகியனிடம் வந்து விழுகிறான். ஓடாதே, திரும்பி நின்று நீ அதைத் துரத்து என்கிறார் குரு. துரத்துகிறான். வெட்ச் என்ற நண்பனோடு கிழக்கே, கடைசித் தீவையும் தாண்டிப் படகில் போகிறான். கடல் மணலாகிறது. அப்பா முகத்தோடு, ஜாஸ்பர் முகத்தோடு நிழல் மாறி மாறி வருகிறது. கெட்டும் நிழலும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பேர் சொல்லி அழைக்கிறார்கள். இரண்டு வாயிலும் 'கெட்' என்ற ஒரே பேர். நிழலும் அவனும் ஒன்றாகிவிடுகிறார்கள். முடிவைச் சொல்லிவிட்டேன், படிக்காதவர்கள் மன்னிக்கணும்.

இப்போது சுடலைக் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆவியைக் கொல்லவில்லை, அதுக்கும் ஓர் இடம் கொடுத்தாயிற்று. அந்த அளவில் இந்த நாவல் நம் ஊர்க்காரனுக்குச் சுலபமாகப் புரியும். கறுப்பு ராஜாவைக் கொன்று விடியலைக் காட்டும் புத்தகங்களைவிட இது நமக்கு நெருக்கம். ஆனால் நாம் கொடுக்கும் இடம் ஊர் எல்லையில் இருக்கிறது. புளியமரமும் பூடமும் வெளியே இருக்கின்றன. கெட்டின் நிழலுக்கு வெளியே போக்கிடமே இல்லை. சுடலைக்குக் காளிப்புலையன் மேல் ஒரு வழக்கு உண்டு. கெட்டுக்கு எதிராளி என்று யாரைச் சொல்ல? ஜாஸ்பரா? ஜாஸ்பர் சீண்டியது மட்டும்தான். இது இரண்டு விதமான நியாயம். அடுத்தவன் செய்த அநியாயத்துக்குத் தன் மனசைத் தோண்டிக்கொண்டிருப்பது வீண், தன் திமிரால் வந்ததுக்கு ஊரில் ஆள் தேடுவதும் வீண். மந்திரக் கதை எழுத ஆசைப்படுகிற பிள்ளைகள் தங்கள் பேய் இதில் எந்த ரகம் என்று முதலில் முடிவு பண்ணிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பனிமலையும் கோட்டையும் வைத்து எழுதிவிட்டு, கதை ஒட்டவில்லையே என்று கேட்கிறார்கள். வெயிலில் வெந்த செம்மணல் தேரிக்காட்டில் மந்திரம் பலிக்காது என்று யார் சொன்னது?

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெட் செம்பழுப்பு நிறத்தவன், நண்பன் வெட்ச் கறுப்பன். எர்த்சீயில் பெரும்பாலோர் நம் நிறம்தான், வெள்ளையர் கிழக்கே இருந்து கொள்ளையடிக்க வருகிறவர்கள். 1968இல் இதை எழுதியிருக்கிறார். ஆனாலும் பல பதிப்புகளின் அட்டையில் கெட்டை வெள்ளையாக வரைந்தார்கள். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் அதே கதை. லெ குவின் பகிரங்கமாகவே கண்டித்தார். மாந்திரீகனை நரைத்த தாடிக் கிழவனாகவே காட்டுகிறார்களே, அவர்கள் இளவயதில் எங்கே படித்தார்கள் என்ற கேள்வியில்தான் இந்த நாவலே பிறந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்பா ஆல்ஃபிரட் க்ரோபர் பெரிய மானுடவியலாளர். பழங்குடிகளின் கதைகள் பேசப்பட்ட வீட்டில் வளர்ந்தவர் லெ குவின்.

எனக்கு இந்த நாவலில் ஒரு குறை உண்டு. ரோக் பள்ளியில் ஆண்பிள்ளைகள் மட்டும்தான். பொம்பளை மந்திரம் என்றால் மட்டம் என்று அந்த ஊரில் சொலவடையே இருக்கிறது. வரும் பெண்களில் ஒருத்தி கெடுக்க வருகிறாள், ஒருத்தி சோறு போட்டு அனுப்புகிறாள். லெ குவினுக்கே இது பின்னால் உறுத்தியது. 1990இல் 'தெஹானு' என்று நான்காவது எர்த்சீ நாவல் எழுதினார். அதில் கெட் மந்திரம் எல்லாம் போய் வெறும் ஆளாக நிற்கிறான். கதையை நடத்துவது ஒரு விதவையும் தீயில் கருகிய ஒரு சிறுமியும்.

இங்கேதான் காளிப்புலையன் மகள் எனக்கு ஞாபகம் வருகிறாள். சுடலையும் மந்திரவாதியும் மோதுகிறார்கள், விலை கொடுத்தது அவள். வயிற்றில் பிள்ளையோடு இருந்த பெண் அன்றைக்கு அப்பா கூப்பிட்டபோது என்ன கேட்டாள், ஓடிப்போக நினைத்தாளா, அவளுக்கும் மந்திரம் கொஞ்சம் தெரிந்திருக்குமா என்று எந்த அண்ணாவியும் பாடி நான் கேட்டதில்லை. என் காதுக்கு எட்டாத ஊரில் யாராவது பாடியும் இருக்கலாம். இங்கே எழுதுகிற பிள்ளைகள் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்தக் கொடை சீசன் முடிவதற்குள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, கணியான் அண்ணாவி ஒருவரிடம் போய் அவளைப் பற்றி மட்டும் கேளுங்கள். கூத்து முடிந்த மறுநாள் மத்தியானத்துக்கு மேல் போங்கள், காலையில் தூங்குவார்கள். எழுதிக்கொண்டு வந்தால் அடுத்த கூட்டத்தில் முதல் அரைமணி நேரம் உங்களுக்கு. அண்ணாச்சிக்கும் சம்மதம்தானே?