போனில் வந்த கேள்விகள்

நேயர்களுக்கு வணக்கம்.

தருமபுரியில் சின்னச் சின்னக் கடைகளுக்கு வலைத்தளம் செய்து கொடுப்பது என் தொழில். சாப்பாட்டு ஆர்டர் எடுக்கும் ஒரு வலைத்தளத்தை மாற்றி அமைத்தபோது நான் கற்றுக்கொண்டதை இன்று உங்களோடு பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

பென்னாகரம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் ஓர் அக்கா சிறுதானியச் சமையல்கூடம் நடத்துகிறார். உட்கார்ந்து சாப்பிட அங்கே நாலு மேசைதான். மற்றதெல்லாம் பெட்டியில் கட்டி வீட்டுக்கும் ஆபீசுக்கும் போகும். மதியச் சாப்பாட்டை வாரக் கணக்கில் சொல்லி வைப்பவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மூன்று நாளைக்கான பெட்டிகளை மொத்தமாக வாங்கி, ஃப்ரிட்ஜில் வைத்துச் சூடாக்கிச் சாப்பிடுபவர்களும் உண்டு. பெங்களூரில் இதை மீல் பிரெப் என்கிறார்கள். நம் ஊரில் 'வார பாக்ஸ்' என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். கலெக்டர் ஆபீசில் வேலை பார்ப்பவர்கள், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நர்ஸம்மாக்கள், பிள்ளைகள் வெளியூரில் இருக்க இங்கே தனியாக இருக்கும் பெரியவர்கள், இவர்கள்தான் அக்காவின் வாடிக்கையாளர்கள்.

அவரிடம் ஏற்கெனவே ஒரு வலைத்தளம் இருந்தது. பளிச்சென்றுதான் இருந்தது. முகப்பில் அவகாடோ, ப்ரோக்கோலி படமெல்லாம் பெரிது பெரிதாக இருக்கும். அந்த இரண்டும் அக்காவின் அடுப்படிக்குள் வந்ததே இல்லை. அவர் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு குறைதான் சொன்னார். "தம்பி, சைட்டைப் பார்த்துட்டுத்தான் எல்லாரும் போன் பண்றாங்க. அதான் பார்த்துட்டாங்களே, அப்புறம் எதுக்கு போன்?"

வண்ணத்தை மாற்றலாமா, எழுத்தைப் பெரிதாக்கலாமா என்று யோசித்துக்கொண்டு போன எனக்கு அந்தக் கேள்விதான் வழி காட்டியது. கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டு, ஒரு வாரம் அக்காவின் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூப்பிடுகிறவர்கள் என்ன கேட்கிறார்களோ அதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டேன்.

"ஒரு பாக்ஸ் எவ்ளோ பேருக்கு வரும்?" "இலக்கியம்பட்டிக்கு வருவீங்களா?" "நாளைக்கு வேணும்னா இன்னைக்கு எத்தனை மணிக்குள்ள சொல்லணும்?" "ஃப்ரிட்ஜ்ல எத்தனை நாள் தாங்கும்?" "சர்க்கரை இருக்கறவங்க சாப்பிடலாமா?" "கேவுரு களி உண்டுங்களா?"

வாரக் கடைசியில் நோட்டைப் புரட்டிப் பார்த்தால், திரும்பத் திரும்ப ஏழெட்டுக் கேள்விகள்தான். அதில் ஒன்றுக்குக்கூட வலைத்தளத்தில் பதில் இல்லை. ஆனால் ஒவ்வொரு பண்டத்துக்கும் கீழே கலோரி, புரதம், கொழுப்பு, மாவுச்சத்து என்று நான்கு எண்கள் வட்ட வட்டமாக இருந்தன. அந்த ஒரு வாரத்தில் அந்த எண்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்த எண்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு தட்டு கீழே தள்ளி வைத்தேன், அவ்வளவுதான். மேலே வரவேண்டியது அந்த ஏழெட்டுப் பதில்கள்.

முதலில் அளவு. களி ஒரு உருண்டை என்று எழுதினால் ஒவ்வொரு வீட்டிலும் உருண்டை ஒவ்வொரு மாதிரி. வயல்வேலை பார்த்தவர் வீட்டு உருண்டை வேறு, ஆபீஸ் போகிறவர் வீட்டு உருண்டை வேறு. எனவே எடை போட்டு 250 கிராம் என்று எழுதினோம். அதோடு அக்கா கடையில் தண்ணீர் கொடுக்கும் அதே எவர்சில்வர் டம்ளரை உருண்டைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தோம். கிராம் கணக்கு பிடிபடாதவருக்கும் டம்ளரைப் பார்த்ததும் அளவு தெரிந்துவிடும். எல்லாப் பண்டத்துக்கும் அதே டம்ளர், அதே ஜன்னலோர வெளிச்சம். போனில் எடுக்கும் ஒரு படம் நான்கு எம்.பி. வரை வரும். அதை வெப்.பி என்ற, வலைத்தளத்துக்கென்றே உள்ள பட வடிவத்துக்கு மாற்றிச் சுருக்கினால் நூறு கே.பி.க்குள் அடக்கிவிடலாம், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு என்று ஆடுகிற இடத்தில் இருப்பவருக்கு இது பெரிய உபகாரம்.

அடுத்து, பெயர். நம் மாவட்டத்தில் ராகி என்பார்கள், கேவுரு என்பார்கள், புத்தகத்தில் கேழ்வரகு. 2023-ஆம் ஆண்டில் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று கொண்டுவந்தார்களே, அதிலிருந்து கேழ்வரகு என்ற சொல்லும் எல்லார் வாயிலும் புழங்குகிறது. ஓசூர்ப் பக்கத்திலிருந்து இங்கே குடிவந்தவர்கள் களியைக் கன்னட வழக்கில் முத்தே என்று தேடுகிறார்கள். பழைய தளத்தில் 'ராகி' என்று தட்டினால் மட்டும் களி வரும். கேவுரு என்று தட்டினால் 'எதுவும் கிடைக்கவில்லை' என்று வரும். சட்டியில் களி கொதித்துக்கொண்டிருக்கும்போது கிடைக்கவில்லை என்று சொல்வது எவ்வளவு பெரிய பொய்! இப்போது ஒவ்வொரு பண்டத்துக்கும் பின்னால் அதன் எல்லாப் பெயர்களையும் சேர்த்து வைத்திருக்கிறோம். ஆங்கில எழுத்தில் தட்டினாலும், எழுத்துப் பிழையோடு தட்டினாலும் களி வந்து நிற்கும்.

ஃப்ரிட்ஜ் கேள்வியில் சமையலறையே மாறியது. ஞாயிற்றுக்கிழமைப் பெட்டியில் முன்பு களியும் இருந்தது. குளிரில் வைத்தால் வெந்த மாவு இறுகிவிடும், திரும்பச் சூடாக்கினாலும் அந்தப் பதம் வராது. வாங்கியவர்கள் கல்லாட்டம் இருக்கிறது என்று குறைப்பட்டிருக்கிறார்கள். நோட்டில் அந்தக் குறையைப் பார்த்ததும் அக்கா களியை அன்றன்றைக்கு மட்டும் என்று எடுத்துவிட்டார். மூன்று நாள் பெட்டியில் இப்போது சாமைச் சோறு, கொள்ளுக் கடைசல், அவரைக்கொட்டைக் குழம்பு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் '5 டிகிரிக்குக் கீழே மூன்று நாள், நன்றாக ஆவி வரும்வரை சூடாக்கவும்' என்று எழுதியிருக்கிறது. அதையே பெட்டி மூடியிலும் ஒட்டுகிறோம். வாங்கிய நாளில் வலைத்தளத்தைப் பார்த்தவர், மூன்றாம் நாள் பார்ப்பது மூடியைத்தானே.

சர்க்கரை பற்றிய கேள்வியை நான் மிகவும் கவனமாகத்தான் தொட்டேன். பழைய தளத்தில் 'சர்க்கரை நோயை விரட்டும் களி' என்று ஒரு வரி கொட்டை எழுத்தில் இருந்தது. நோயைத் தீர்க்கும் என்று உணவை விளம்பரம் செய்யக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதி. விதி ஒரு பக்கம் இருக்கட்டும், அது உண்மையும் இல்லை. கேழ்வரகில் கால்சியம் அதிகம், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. நார்ச்சத்தும் உண்டு. ஆனால் நைசாக அரைத்த மாவைக் குழையக் கிண்டிப் பெரிய உருண்டையாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அந்த வரியை நம்பி ஒரு பெரியவர் மாத்திரையைக் குறைத்துக்கொண்டால் அந்தப் பாவம் யாருக்கு? வரியை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் உருண்டையின் எடை, வெல்லம் சேர்த்திருக்கிறதா, எண்ணெய் எத்தனை கரண்டி என்று எழுதினோம். அதைக் காட்டி அவரவர் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இடம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். பழைய தளம் பின்கோடு கேட்டது. ஒரே பின்கோடில் டவுனும் வரும், பல கிலோமீட்டர் தள்ளியுள்ள கிராமமும் வரும். பின்கோடு சரி என்று பணம் வாங்கிக்கொண்டு, பிறகு 'அவ்வளவு தூரம் வரமாட்டோம்' என்று போனில் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது பாரதிபுரம், செந்தில் நகர், இலக்கியம்பட்டி, ஒட்டப்பட்டி என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக நிற்கும். தொட்டால் போதும். உங்கள் ஊர் அதில் இல்லையென்றால் பணம் கட்டுகிற இடத்துக்கே தளம் உங்களை விடாது.

விலைக்கும் இதே நியாயம்தான். பழைய தளத்தில் கடைசிப் பக்கத்தில்தான் பார்சல் காசு, டெலிவரி காசு எல்லாம் வந்து ஏறும். கேட்காமலே ஊறுகாயும் கூடையில் உட்கார்ந்திருக்கும். இப்படிக் கூடையில் நைசாகப் பொருளைச் சேர்ப்பதும், விலையைக் கடைசியில் காட்டுவதும், சேர்ந்தபின் விலக முடியாத சந்தாவும் தடை செய்யப்பட்டவை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இப்படிப் பதின்மூன்று வகைகளைப் பட்டியலிட்டு விதி வெளியிட்டது. வாங்குகிறவர்களாகிய நீங்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாரச் சந்தாவில் 'இந்த வாரம் வேண்டாம்' என்று ஒரு பொத்தான் வைக்கலாம் என்றேன். அக்காவுக்குப் பயம். "அதை அவ்ளோ பெருசா வெச்சா எல்லாரும் அமுக்கிட்டுப் போயிடுவாங்க தம்பி." கொஞ்ச நாள் வைத்துப் பார்ப்போம் என்றேன். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகிறவர்கள் அன்றைக்கு மட்டும் நிறுத்தினார்கள், மறுநாளே பெட்டி வேண்டும் என்றார்கள். போன் செய்து சொல்லச் சங்கடப்பட்டு சந்தாவையே விட்டவர்கள் முன்பு இருந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அக்காவுக்குத் தெரிந்தது.

செய்து முடித்ததை ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்று, வலைத்தளங்கள் பயன்படுத்த எளிதாக இருக்கின்றனவா என்று ஆராய்ந்த யாக்கோப் நீல்சன் 2000-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். என் அனுபவமும் அதுதான். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். போன் நம்பரை ஐந்து ஐந்தாக இடைவெளி விட்டுப் போட்டார். நம் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தானே அது. 'தவறான எண்' என்று சிவப்பில் வந்தது. அவர் என்னைப் பார்த்து, "என் நம்பர் இதுதானே தம்பி?" என்று கேட்டார். நாற்பது வருடம் பாடம் நடத்திய மனிதர், தன் நம்பரே தப்போ என்று சந்தேகப்பட்டதைப் பார்த்ததும் எனக்கு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. இடைவெளியை நீக்கிக்கொள்வது கம்ப்யூட்டரின் வேலை. அன்று ராத்திரியே சரிசெய்தேன்.

அவர் முகவரியை நல்ல தமிழில் எழுதினார்: 'பிள்ளையார் கோயில் எதிர்ச் சந்து, பச்சை கேட் வீடு.' ஆர்டர் பதிவாகிவிட்டது. சமையலறையில் பில் மெஷினிலிருந்து வந்த சீட்டில் வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டும். அந்தச் சின்ன மெஷின்கள் பலவற்றில் தமிழ் எழுத்தே கிடையாது. தெரியாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி போட்டுவிடும். முகவரியை ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்று ஒரு குறிப்புப் போட்டுவிடலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. தருமபுரியில் தமிழில் சாப்பாடு கேட்பவரிடம் முகவரியை மாற்றி எழுது என்று சொல்வதா? சீட்டு முழுவதையும் ஒரு படமாக மாற்றி மெஷினுக்கு அனுப்பினேன். படத்தை அது கோடு கோடாக அடித்துத் தந்துவிடும். பச்சை கேட் வீடு அச்சாகி வந்ததும் டெலிவரிப் பையன் ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான்.

நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். மறுநாள் சாப்பாட்டுக்கு முதல்நாள் இரவு 8 மணிக்குள் சொல்ல வேண்டும் என்பது அக்காவின் கணக்கு. எட்டரைக்குப் பயறும் கொள்ளும் ஊறப்போட வேண்டுமல்லவா. தளத்திலும் 8 மணி என்று வைத்தேன். முதல் நாள் காலையில் அக்கா எழுந்து பார்த்தால், நள்ளிரவுக்குப் பிறகு வந்த நான்கு ஆர்டர்கள். தளத்தை இயக்கும் கம்ப்யூட்டரான சர்வரின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அதன் 8 மணி நமக்கு இரவு ஒன்றரை. அக்கா என்னைத் திட்டவில்லை. தன் வீட்டுக்கு வைத்திருந்த முளைகட்டிய பயறை அந்த நான்கு பெட்டிக்கும் போட்டு அனுப்பிவிட்டுத்தான் எனக்கு போன் செய்தார்.

இப்போது பண்டங்களை ஏற்றவும் இறக்கவும் அக்காவே தன் போனில் செய்துகொள்கிறார். பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி விலை எகிறினால் அன்றே தக்காளித் தொக்கு பட்டியலிலிருந்து இறங்கிவிடும். தை மாதத்தில் பச்சை மொச்சை வந்தால் மொச்சைக் குழம்பு ஏறிவிடும். அதற்கு என்னைக் கூப்பிட வேண்டியதே இல்லை.

போன் முன்னைப்போல் அடிப்பதில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் நிற்கவில்லை. "இன்னைக்கு என்ன கீரைங்க?" கீரைக்கார ஆயா கூடையை இறக்கிய பிறகுதான் அது அக்காவுக்கே தெரியும். அரைக்கீரையா, சிறுகீரையா, பண்ணைக்கீரையா என்று முதல்நாளே எழுதிவைக்க முடியாது. அதனால் அந்த வரியில் 'காலை ஏழு மணிக்குச் சொல்கிறோம்' என்று போட்டிருக்கிறோம். ஆயா வந்ததும் அக்கா கீரைக்கட்டை ஒரு படம் எடுத்து அங்கே போடுகிறார். ஏழு மணிக்கு அந்தப் படத்துக்காகவே தளத்தைத் திறப்பவர்கள் இருக்கிறார்கள், அந்தத் தமிழாசிரியர் உட்பட.

வணக்கம்.