அளந்து பார்த்தவர்

அவையோருக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னையில் எல்லோரும் வானிலை வல்லுநர்கள். நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர் என்று செய்தியில் சொன்னால், ‘எங்கள் தெருவில் அதைவிட அதிகம்’ என்று சண்டைக்கு நிற்போம். அளந்த கருவி சரியானதா என்று மட்டும் கேட்க மாட்டோம். அதை வாழ்நாளெல்லாம் கேட்டவர் வானிலை அறிவியலாளர் அன்னா மணி.

1918-இல் இன்றைய கேரளத்தின் பீருமேட்டில் பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத் தோடு தந்தார்கள். கலைக்களஞ்சியம்தான் வேண்டும் என்றார். ஆனாலும் வைரம் அவரை விடவில்லை. நம் மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்துப் பெங்களூரில் சி. வி. ராமனிடம் சேர்ந்தபோது, ஆய்வுக்குக் கிடைத்தவை வைரமும் மாணிக்கமும். கல்லிலிருந்து வரும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டுவது நிறமாலை; அப்படி ஒன்று படத்தகட்டில் பதியப் பதினைந்து, இருபது மணி நேரம் ஆகும். ஆய்வுக்கூடத்திலேயே தூங்கிய இரவுகள் உண்டு. 1945-இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார். எம்.எஸ்ஸி. இல்லை என்று பிஎச்.டி. மறுத்துவிட்டார்கள். மாநிலக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகம் காலாற நடக்கும் தொலைவு. அந்தக் கொஞ்ச தூரத்தை ஐந்தாண்டு உழைப்பால் கடக்க முடியவில்லை!

மேடையில் பேசுகிறவர்கள் இங்கே கண் கலங்குவது வழக்கம். அவர் கலங்கவில்லை, நானும் நகர்கிறேன்.

அரசு உதவித்தொகையில் லண்டன் போனார். அங்கே கிடைத்தது வானிலைக் கருவிப் பயிற்சி. 1948-இல் திரும்பி, புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். அதற்குச் சிறிது காலம் முன்புவரை வெப்பமானிகூட வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. ஏறத்தாழ நூறு கருவிகளைச் செய்வதற்கான வரைபடங்களைத் தரப்படுத்தினார். வரைபடம் என்று லேசாகச் சொல்லிவிட்டேன். எந்தப் பட்டறையில் செய்தாலும் ஒரே கருவி, ஒரே அளவு என்பது அதிலிருந்துதான் வருகிறது. பிறகு நாடு முழுதும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்கள், பலூனில் ஏறி ஓசோனை அளக்கும் கருவி என்று வேலை வளர்ந்தது.

1976-இல் ஓய்வு பெற்றவர் ஈஸிசேரில் சாயவில்லை. நாட்டின் காற்றை அளக்கப் புறப்பட்டார்; பெங்களூரில் காற்றுவேகமானி செய்ய ஒரு சிறு பட்டறையும் வைத்தார். ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் போகிறவர்கள் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். வேகமானி பத்து விழுக்காடு கூட்டிக் காட்டினால், ஆற்றல் கணக்கு முப்பத்துமூன்று விழுக்காடு எகிறிவிடும். அந்தக் கணக்கை நம்பிக் கடன் வாங்கி ஆலை நட்டவர் கதி என்ன?